காது மெஷினும் ஆயில் இன்ஜினும்

எனக்குக் காது மந்தமானதற்கு எங்கள் கிணற்றடி ஆயில் இன்ஜின்தான் காரணம் என்று பல வருடங்களாகச் சொல்லிவந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? திருப்புல்லாணியிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் பாதையில் திரும்பியதுமே அந்த இன்ஜின் சத்தம் கேட்டுவிடும். மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சும் நாளில் அதன் பக்கத்தில் நின்று இரண்டு பேர் பேசினால், சண்டை போடுகிறார்கள் என்று விலக்கிவிட ஆள் ஓடி வரும். அப்படிப்பட்ட ஒன்றின் தலையில் பழியைப் போட்டால் அது எழுந்து வந்து மறுக்கவா போகிறது?

உண்மை வேறு. எங்கள் அய்யாவுக்கும் நாற்பது வயதில் காது மந்தம். அவருடைய அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, முப்பதிலேயே மந்தம். அய்யா வழியில் எனக்கு வந்தது மூன்று ஏக்கர் புஞ்சையும் இந்தக் காதும்தான். புஞ்சையில் என் அண்ணன் பங்கு கேட்டார். காதில் கேட்கவில்லை.

இதை ஏன் மறைத்தேன் என்று எங்கள் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். வீட்டில் ஒரே ஒரு பெண் பிள்ளை. குடும்பத்துக் காது என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே இன்ஜின் கதையை ஆரம்பித்துவிட்டேன். அய்யாவும் அத்தையும் அவள் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் அவளும் அதையே நம்பி வளர்ந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சாயல்குடிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இன்றைக்குச் சம்பந்தியாகிவிட்ட மாப்பிள்ளையின் தகப்பனார் ஏதோ கேட்டார். நான் இரண்டு முறை "என்ன?" என்றேன். "காது எப்ப இருந்து இப்படி?" என்று அவர் கொஞ்சம் உரக்கக் கேட்டார். "எல்லாம் இன்ஜின் சத்தம்ங்க" என்றேன். காபித் தட்டோடு வந்த என் வீட்டுக்காரி ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தாள். பிறகு காபியை நீட்டினாள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

கல்யாணம் முடிந்த பிறகுதான் காது மெஷின் வாங்கினேன். காதுக்குப் பின்னால் கொக்கி மாதிரி உட்காரும், அதிலிருந்து ஒரு குழாய் காதுக்குள் போகும். போட்டுக்கொண்ட முதல் நாள் எங்கள் வீட்டுக் கதவு இத்தனை சத்தம் போடும் என்று தெரிந்து எண்ணெய் விட்டேன். என் வீட்டுக்காரி முணுமுணுக்கிற வழக்கமும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. அதற்கு எண்ணெய் விட முடியாது.

ஆனால் மெஷினைப் பார்த்தால் நாலு பேர் காரணத்தைக் கிண்டுவார்கள், அதை யார் கண்ணிலும் படாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. துண்டைக் காது மூடத் தலையில் கட்டிக்கொண்டேன். துணி உரசினால் அந்த மெஷின் 'கீ' என்று ஊளையிடும். நான் நடந்து போனால் பின்னால் கொதிக்கிற கெட்டில் வருவது போல இருக்கும் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். எங்கள் ஊரில் கோவிலுக்குள் போனாலும், துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனாலும், பெரிய மனுசர் வீட்டுக்குப் போனாலும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டவேண்டும். அதனால் கோவிலுக்குப் போவதைக் குறைத்தேன். சம்பந்தி வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாதே! அங்கே ஒற்றைத் தலைவலி என்று சொல்லித் துண்டோடு உட்கார்ந்திருப்பேன். பாவம், அந்த மனுசன் ஒவ்வொரு தடவையும் தைலப் புட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைப்பார்.

மெஷினால் எனக்கு ஊரில் ஒரு கௌரவமும் கிடைத்தது. என்னிடம் இருந்தது பட்டன் போன். அழைப்பு வருவதற்கு இரண்டு மூன்று நொடி முன்பே அந்த மெஷினில் 'ட்டுர்ர் ட்டுர்ர்' என்று ஒரு இரைச்சல் வரும். அதன் பிறகுதான் மணி அடிக்கும். என் போன் என்றில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சட்டைப் பையில் பட்டன் போன் இருந்தாலும் வரும். ஒருநாள் டீக்கடை பெஞ்சில் பக்கத்து ஆளிடம், "ஏலே, போனை எடு, வருது" என்றேன். அவன் "எங்கன வருது?" என்று கேட்டு முடிப்பதற்குள் அடித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். ஒரே வாரத்தில் என்னிடம் மழை எப்போது வரும் என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. நானும் துண்டுக்குள் மெஷினை வைத்துக்கொண்டு, "சொல்றேன், சொல்றேன்" என்று தலையாட்டிக்கொண்டு திரிந்தேன்.

இந்த இரைச்சல் விஷயத்தை என் வீட்டுக்காரியிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. அவளுக்கு ஏற்கெனவே செல்போன் அலை என்றால் கிலி. இரண்டு போனுக்கு நடுவில் முட்டையை வைத்து வேகவைக்கிற ஒரு வீடியோவை மகளிர் குழுவில் யாரோ காட்டியிருக்கிறார்கள். "வெளிய இருக்கிற மெஷினுக்கே கேக்குதுன்னா, உள்ள இருக்கிற மூளை என்ன பாடுபடும்?" என்றாள். சும்மாவும் விடவில்லை. என் போனையும் எதிர்வீட்டுப் போனையும் வாங்கி வைத்து, நடுவில் ஒரு நாட்டுக்கோழி முட்டையை நிறுத்தி, ஒரு மணி நேரம் பேசவைத்துப் பார்த்தாள். முட்டை முட்டையாகவே இருந்தது. "இங்கன சிக்னல் பத்தல" என்று சொல்லி ஆம்லெட் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போன் பேச ஒரு சட்டம் வந்தது. போனை முற்றத்து ஆட்டுக்கல் மேல் வைக்கவேண்டும். ஸ்பீக்கரைப் போடவேண்டும். நான் நான்கு அடி தள்ளி நின்று பேசவேண்டும். அதுவும் எனக்கு வசதிதான், ஏனென்றால் காதோடு வைத்தால் அந்த 'ட்டுர்ர்' பேச்சையே விழுங்கிவிடும். தெருவுக்கும் வசதிதான். மாப்பிள்ளைக்கு வேலை கோயம்புத்தூரில், மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து பேசுவாள். எதிர்வீட்டு அம்மாள் அந்த நேரம் பார்த்து வாசல் கூட்டுவார். மகள் என்ன குழம்பு வைத்தாள் என்று கேட்க நான் மறந்தாலும் அவர் அங்கிருந்து கேட்டுவிடுவார்.

இந்த வருடம் மாசி மாதம், மிளகாய்ப் பழம் எடுக்கும் சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள்.

"அய்யா, ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீக?"

"ஆமா ஆத்தா. ஆட்டுக்கல்லு மேல இருக்கு."

"அணைச்சுட்டுக் காதுல வைங்க. ஒங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்."

எதிர்வீட்டு விளக்குமாறு நின்றது. பழத்தைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்க் காதில் வைத்தேன். 'ட்டுர்ர்ர்' என்று அடித்தது. மெஷினைக் கழற்றிவிட்டு வைத்தேன். எறும்பு பேசுகிற மாதிரி இருந்தது. மறுபடி மாட்டினேன், மறுபடி இரைந்தது. அவள் பேசுவது தெரிந்தது, என்ன பேசுகிறாள் என்று ஒரு எழுத்தும் புரியவில்லை. வழக்கம்போல "சரி ஆத்தா, சரி" என்று சொல்லிவைத்தேன்.

காது கேளாதவனுக்கு 'சரி' என்பது பெரிய உதவி. அதை வைத்துக்கொண்டு பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டேன். ஆனால் என் மகள் என்னை அறிந்தவள். ஸ்பீக்கரைத் திரும்பப் போட்டபோது, "கேட்டுச்சாய்யா?" என்றாள்.

"கேக்கல ஆத்தா. ஒண்ணுமே கேக்கல."

"சரி, விடுங்க. பள்ளிக்கூடம் லீவு விடவும் வாரேன்ல, அப்பச் சொல்றேன்" என்றாள். அவள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

"நான் நாளைக்கே கெளம்பி வாரேன்" என்றேன்.

"வேணாம்யா. நீங்க திடுதிப்புன்னு வந்து நின்னா என்ன ஏதுன்னு எல்லாரும் கேப்பாக." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. எழுதி அனுப்பு என்றேன். எழுதுகிற விஷயம் இல்லை என்றாள். எழுதினாலும் என் பட்டன் போனில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

அந்த வாரம் எனக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை. மாப்பிள்ளை குடிக்கிறாரா? வேலை போய்விட்டதா? உண்டாகியிருப்பாளோ என்றால், "அதை அம்மாட்டத்தான் சொல்லுவா, ஒங்ககிட்டயா சொல்லுவா?" என்று என் வீட்டுக்காரி மடக்கினாள். அவளுக்கும் வருத்தம். பெற்ற தாயிடம் சொல்ல முடியாதது என்ன என்று பழத்தை அள்ளிக் கொட்டும்போதெல்லாம் முணுமுணுத்தாள். களத்தில் வேலை பார்த்த ஆட்கள் மேல் எரிந்து விழுந்தேன். கடைசியில், போனைக் காதில் வைத்துப் பேச ஒரு வழி கண்டுபிடிக்காமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று முடிவுகட்டி, புதன்கிழமை ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். மூளை வேகிறதா இல்லையா என்று நேரில் கேட்டுவிடவேண்டும் என்று என் வீட்டுக்காரியும் கூட வந்தாள்.

காது பரிசோதிக்கிற இடத்தில் ஒரு சின்ன வயசுப் பெண். பழைய மெஷின் எனக்குக் கடையில் எதையும் சோதிக்காமல் எடுத்துக் கொடுத்தது. இந்தப் பெண் முதலில் என்னை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னது. பிறகு ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தது.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா சார்?"

"இல்லம்மா. ஆயில் இன்ஜின் சத்தம்."

அந்தப் பெண் தாளைத் திரும்பப் பார்த்தது. "சத்தத்தால போன காதுக்குக் கோடு பொதுவா வேற மாதிரி விழும் சார்" என்றது. "குடும்பத்துல இருந்தா சொல்லிடுங்க. பிள்ளைகளையும் ஒரு தடவை பாத்துக்கறது நல்லது." நான் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பேச்சை மாற்ற, போன் இரைச்சலைச் சொன்னேன். அதற்குள் என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "இவுக மூளை வேகுதா இல்லையா, அதை மட்டும் சொல்லு தாயி."

"வேகலம்மா. போன் விடுற ரேடியோ அலையை இந்த மெஷின் பிடிச்சுச் சத்தமாக்குது. இரைச்சல் மெஷினுக்குள்ளதான், தலைக்குள்ள இல்ல. மெஷினைக் கழட்டிட்டுப் போனை வச்சுப் பாருங்க, இரையாது."

"மெஷினைக் கழட்டுனா இவுகளுக்கு எதுதான் கேக்கும்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டது. பிறகு டாக்டர்கள் மாட்டுகிற மாதிரி ஒரு குழாயை எடுத்து, என் மெஷினை அதன் நுனியில் செருகி, என் வீட்டுக்காரியின் காதில் மாட்டியது. என் பட்டன் போனைக் கிட்டே கொண்டுபோய் அழைத்தது. என் வீட்டுக்காரி துள்ளி எழுந்தாள். போனைத் தள்ளிவைத்ததும் இரைச்சல் நின்றது. குழாயைக் கழற்றிவிட்டு வெறும் காதில் போனை வைக்கச் சொன்னது. இரைச்சல் இல்லை. மறுபடியும் மாட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் போனைக் கவனிக்கவில்லை. அறையில் மின்விசிறி ஓடுவதை, வெளியே பஸ் போவதை, யாரோ நாற்காலி இழுப்பதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் ஒண்ணாக் கலந்து இரைச்சக்காடா இருக்கே. இப்படியா கேக்குது ஒங்களுக்கு?" என்றாள்.

"இப்படித்தான்."

அவள் கண் கலங்கிவிட்டது. முப்பத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் என் காதுக்குள் அவள் வந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு அந்தப் பெண் நிதானமாக எல்லாம் சொன்னது. ஒவ்வொரு போனும் உடம்பில் எவ்வளவு அலையை இறக்கலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள், அந்த எண் பெட்டியிலோ போனுக்குள்ளோ இருக்கும். ஸ்டார் ஹாஷ் பூஜ்யம் ஏழு ஹாஷ் அடித்தால் பல போன்களில் தெரியும். சிக்னல் குறைவான இடத்தில் போன் டவருக்கு எட்டவேண்டுமென்று பலமாகக் கத்தும், இரைச்சலும் கூடும், சிக்னல் நல்லா இருக்கிற இடத்தில் மெதுவாகப் பேசும். "ஒங்க காதுக்கு நான் கத்துற மாதிரி" என்றாள் என் வீட்டுக்காரி, பாடம் புரிந்துவிட்ட சந்தோஷத்தில். பயமாக இருந்தால் ஸ்பீக்கரிலோ வயரிலோ பேசலாம், பேச்சைக் குறைக்கலாம், தப்பில்லை. அலையால் காது போனதாக இதுவரை யாரும் காட்டவில்லை. காதுக்குக் கேடு என்றால் இயர்போனில் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்பதுதான்.

எனக்குப் புதிதாக ஒரு மெஷினைப் பொருத்தியது. அதில் ஒரு குட்டி விசை. தள்ளினால் வெளிச்சத்தம் அடங்கி, போனுக்குள்ளிருந்து வரும் பேச்சு மட்டும் கேட்கும். அதற்கு ஏற்ற போன் வேண்டும். சில பெட்டிகளில் காது மெஷினுக்கு ஒத்துப்போகும் என்று எழுதியிருப்பார்களாம், சிலதில் எழுதியிருக்க மாட்டார்களாம். "எது எழுதியிருந்தாலும் உங்க காதுல வச்சுப் பாக்காம வாங்காதீங்க சார். அப்புறம், போனைக் காது ஓட்டையில வைக்காம, கொஞ்சம் மேல, மெஷின் கிட்ட வைங்க" என்றது.

போன் கடையில் நான் கொடுத்த தொல்லையை அந்தக் கடைக்காரர் மறக்கமாட்டார். ஒவ்வொரு போனாக வாங்கிக் காதுக்கு மேலே ஏற்றிப் பிடித்தேன். பார்ப்பவர்களுக்கு நான் யாருக்கோ சல்யூட் அடிப்பது போல இருந்திருக்கும். அவர் கடை மூலையிலிருந்து இன்னொரு போனில் பேசவேண்டும்.

"ஹலோ. ஹலோ. ஹலோ."

"ஹலோவைத் தவிர வேற எதையாச்சும் பேசுங்கண்ணே. இது கேக்குதா, நானா நினைச்சுக்கிறேனான்னு தெரியல."

முதல் போன் இரைந்தது. இரண்டாவதில் கிசுகிசுப்பு. மூன்றாவது, நான்காவது ஒன்றுக்கும் ஆகவில்லை. ஐந்தாவது போனில் அவர் குரல் சுத்தமாக வந்தது. அன்று காலையில் தன் மச்சினனோடு ஒரு ஆட்டுக்குட்டிக்காக நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை முடியும்வரை நான் போனை இறக்கவில்லை. "ஆட்டுக்குட்டி யாருகிட்ட இருக்கு இப்ப?" என்று கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு பில் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்மாய்க்கரைக்குப் போனேன். எங்கள் ஊரில் சிக்னல் நன்றாக வரும் இடம் அதுதான். வெயில் நேரம், ஆள் இல்லை. துண்டு மெஷினில் உரசாமல் இருக்க அவிழ்த்து இடுப்பில் கட்டினேன். கூப்பிட்டு, விசையைத் தள்ளினேன். காக்கைச் சத்தம் நின்றது, காற்று நின்றது. உலகத்தில் என் மகள் மட்டும் இருந்தாள்.

"அய்யா, இப்பக் கேக்குதா?"

"காதுக்குள்ள ஒக்காந்து பேசுற மாதிரி இருக்கு ஆத்தா."

"பக்கத்துல யாரும் இல்லையே?"

"ரெண்டு கொக்கு நிக்கிது."

சிரித்தாள். அவள் சிரிப்பின் கடைசியில் ஒரு சின்ன மூச்சு வரும். அது எனக்கு எத்தனை வருடமாகக் கேட்காமல் போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"எனக்குக் காது சரியாக் கேக்கலய்யா" என்றாள்.

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கடைசி பெஞ்சுப் பிள்ளைக கேக்குறது ஒண்ணும் விழுக மாட்டேங்குது. தைப் பொங்கலுக்கு அத்தை வந்து பத்து நாள் இருந்தாகல்ல? அடுப்படியில பின்னாடி நின்னு கூப்பிட்டிருக்காக. எனக்குக் கேக்கல. ஒரு தடவ இல்லய்யா, பத்து நாளும். மாமியாரு கூப்பிட்டாத் திரும்பிப் பாக்காத திமிருன்னு நினைச்சுக்கிட்டுக் கோவமா சாயல்குடிக்குப் போயிட்டாக. ஒங்க மாப்பிள்ளை, எந்நேரமும் போனைக் காதுல வச்சே கெடக்க, அந்த அலைதான் ஒன் காதைத் தின்னுருச்சுங்கிறாரு."

"டாக்டர்ட்டக் காமிச்சியா?"

"யாருக்கும் தெரியாமப் போனேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுதே தீத்துருவாகன்னுதான் ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். வீட்ல யாருக்கும் இருக்கான்னு கேட்டாக. இல்லன்னுட்டேன். ஒங்களுக்கு இன்ஜின்ல போனதுதானே. எனக்கு எந்த இன்ஜினைய்யா சொல்றது? நானேதான் கெடுத்துக்கிட்டேன் போல. மூணு வாரமா போனைத் தொடவே பயமா இருக்கு. ஒங்களைக் கூப்பிடுறதுக்குக்கூட."

அதுவரை நான் சொன்ன பொய் என் காதோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கோயம்புத்தூர் வரை போய், டாக்டர் முன்னால் உட்கார்ந்து, என் மகள் வாயாலேயே பேசியிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்னையச் சொல்லு ஆத்தா" என்றேன்.

"என்னய்யா?"

"இன்ஜினும் இல்ல, போனும் இல்ல. நீ ஒண்ணையும் கெடுத்துக்கல. எங்கய்யாவுக்கு இதே காது. எங்க அத்தைக்கு இதே காது. எனக்கு வந்துச்சு, இப்ப ஒனக்கு வந்திருக்கு. இன்ஜின்னு நான் சொன்னது பொய். நாளைக்கே போயி, 'எங்கய்யாவுக்கு இருக்கு'ன்னு டாக்டர்ட்டச் சொல்லு."

இரைச்சல் இல்லாத போன் என்பதால் அவள் மூச்சு விடுவதும் சுத்தமாகக் கேட்டது.

"ஏன்யா எங்கிட்டச் சொல்லல?"

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பாதிதான் உண்மை. செவிட்டுக் குடும்பம் என்று நாலு பேர் சொல்வது எனக்கும் பிடிக்கவில்லை. "வெக்கப்பட்டேன்" என்றேன்.

அவள் அழுதாள். பிறகு திட்டினாள். நன்றாகத் திட்டினாள், ஒரு சொல் விடாமல் எல்லாம் கேட்டது. திட்டி முடித்துவிட்டு, "அந்த மெஷின் போட்டா வலிக்குமாய்யா?" என்றாள். வலிக்காது, அம்மா முணுமுணுக்கிறதுதான் கேட்கும், அதுதான் கொஞ்சம் வேதனை என்றேன். போன் வாங்கும்போது ஹலோ சொல்வதை மட்டும் கேட்டு ஏமாந்துவிடாதே என்றேன்.

"அத்தைட்ட எப்பிடிய்யா சொல்றது?"

"அதை நான் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை நானும் என் வீட்டுக்காரியும் சாயல்குடிக்குப் போனோம். பஸ்ஸில் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "அன்னைக்குக் காபித் தட்டோட நானும்தான் நின்னேன்" என்றாள்.

சம்பந்தி வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாங்க, வாங்க. என்ன சம்பந்தி, தலையில துண்டைக் காணோம்? தலைவலி போயிருச்சா?"

"அது எப்பவுமே இல்லங்க" என்றேன். உட்கார்ந்ததும், காபி வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அய்யா காது, அத்தை காது, என் காது, எங்கள் பிள்ளையின் காது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தலையைத் திருப்பி மெஷினையும் காட்டினேன். சம்பந்தி அம்மாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அப்ப பத்து நாளும் அவளுக்குக் கேக்காமத்தான் இருந்துச்சா?"

"ஆமாங்க."

"நானும் பின்னாடி நின்னேதான் கூப்பிட்டேன்" என்றார், யாரிடமோ சொல்வது போல. "ஒரு தடவ முன்னாடி வந்து நின்னிருக்கலாம்." டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருமகளின் நம்பரைப் போடச் சொல்லி என் வீட்டுக்காரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

சம்பந்தி மட்டும் இன்னும் யோசனையில் இருந்தார். தைலப் புட்டியை எடுத்து வந்திருந்தார். அதைத் திறக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"அப்ப அந்த இன்ஜினு?" என்றார்.

"அது பாவம், நல்ல இன்ஜின்ங்க" என்றேன். "இன்னமும் ஓடுது."